சந்தனமாரிக்குக் குளிர்கிறது

வெயில் ஏறிவிட்டால் காக்கைகூடக் கால் வைக்க யோசிக்கும் சாத்தாவிளை உப்பளத்தில், பங்குனி மாதத்து ஒரு காலையில், நீண்ட கைப்பிடி போட்ட பலகையால் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த சந்தனமாரி, பக்கத்துப் பாத்தியில் நின்ற ராஜகனியிடம் தண்ணீர் கேட்பதற்காக வாயைத் திறந்தபோது, அந்த வாயிலிருந்து வார்த்தைக்கு முன்னால் ஆவி வந்தது. மலைநாட்டில் மார்கழி விடியலில் பேசுகிறவர்களின் வாயிலிருந்து வருவது போன்ற வெள்ளை ஆவி; அது அவள் முகத்துக்கு முன்னால் சற்று நேரம் நின்று, பிறகு கடல்காற்றில் கலைந்தது. ராஜகனி அதைப் பார்த்தாள், தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள், கொடுக்கும்போது விரல் பட்டதும் கையை இழுத்துக்கொண்டாள், பிறகு மறுபடியும் நீட்டித் தொட்டுப் பார்த்தாள்.

"ஏட்டி, ஐஸ் கம்பெனில படுத்து எந்திரிச்சா வார?"

"குளுருதுக்கா," என்றாள் சந்தனமாரி. அவளுக்குப் பல் கிட்டியது.

"ஒனக்கு மட்டுமா?"

"எனக்கு மட்டுந்தாம்போல."

ராஜகனி உப்பளத்தில் முப்பது வருஷம் நின்றவள், சந்தேகப்படுவதற்கு நிழல் வேண்டும் என்று அறிந்தவள். அவள் அதற்குமேல் எதுவும் கேட்காமல், தன் பலகையை எடுத்துக்கொண்டு வரப்பைத் தாண்டி வந்து, சந்தனமாரிக்கு ஒரு முழம் தள்ளி நின்று வாரத் தொடங்கினாள். சற்று நேரத்தில் மற்ற பெண்களும் ஒவ்வொருத்தியாக அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். எந்த மரமும் இல்லாத அந்த வெள்ளை வெளியில், ஒரு பெண்ணைச் சுற்றி மரத்தடியில் கூடுவது போல எட்டுப் பெண்கள் கூடி உப்பு வாரினார்கள்.

காரணம் சந்தனமாரியின் வீட்டு ஃபிரிட்ஜில் இருந்தது.

தை மாதம் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நாள் ஆவதற்கு முன்பே பிறந்த பிள்ளை. தராசில் போட்டபோது இரண்டு கிலோகூட இல்லை. கிராமத்து நர்ஸ் ஜெபமலர், பிள்ளையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, இதற்குத் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் உள்ளே போகக் கூடாது, மாவுப்பாலும் வேண்டாம், மாட்டுப்பாலும் வேண்டாம், போனால் இது தாங்காது என்று சொன்னாள். நல்லது என்றார்கள். ஆனால் உப்புக்குப் பருவம் பங்குனியில் தொடங்குகிறது. பருவத்தில் வராத பெண்ணின் பாத்திக்குக் கங்காணி சுடலைமணி வேறு ஆளைப் போட்டுவிடுவார். அது கோபத்தால் அல்ல, அளத்தின் வழக்கம் அது. அந்த இடம் போனால் அடுத்த மழைக்காலம்வரை அடுப்பெரிவது அவள் புருஷன் பேச்சிமுத்து லாரிகளில் ஏற்றும் மூட்டைகளை மட்டுமே நம்பி. விடிவதற்கு முன் போனால் உச்சிப்பொழுதுக்குத்தான் திரும்ப முடியும். பிள்ளையை உப்பு வெக்கைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆகவே பால் வீட்டில் இருக்க வேண்டும், அவள் அளத்தில் இருக்க வேண்டும்.

ஜெபமலர் வந்து உட்கார்ந்து வழி சொன்னாள். கையை சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவு, மூடி உள்ள சில்வர் டம்ளர்களைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்துக் கவிழ்த்துக் காயவிடு, கையால் பீய்ச்சி எடு, ஒரு வேளைக்கு ஒரு டம்ளர், அதற்குமேல் நிரப்பாதே, எந்த நேரத்துப் பால் என்று மூடியில் ஒட்டு, பழையதை முதலில் கொடு, சூடாக எடுத்த பாலைக் குளிர்ந்த பாலோடு கலக்காதே, வெளியே வைத்தால் நாலு மணி நேரம் என்பார்கள், நம் ஊர் வெயிலுக்கு அதையும் நம்பாதே, ஃபிரிட்ஜில் கதவுப்பக்கம் வேண்டாம், உள்ளே பின்னால் தள்ளி வை, ஒரு நாளைக்குள் கொடுத்துவிடு, கொடுக்கும்போது வெந்நீர்க் கிண்ணத்தில் டம்ளரை நிறுத்தி வெதுவெதுப்பாக்கு, பிள்ளை குடித்து மிச்சம் வைத்தால் கீழே ஊற்று என்று அவள் சொல்லச் சொல்ல, சந்தனமாரி சாமிக்குச் செய்யவேண்டிய காரியங்களைக் கேட்பவள்போலத் தலையாட்டிக்கொண்டே கேட்டாள்.

அவள் மாமியார் பிச்சம்மாள் கதவோரம் நின்று கேட்டாள்.

"பொம்பளப் பாலக் கறந்து பிரிஜ்ஜுல வைக்கதா? அவ என்ன மாடா?"

"மாடு யாருக்கோ குடுக்கு ஆச்சி," என்றாள் ஜெபமலர். "இவ இவ பிள்ளைக்குத்தான வைக்கா."

"மீனு வைக்கிற பொட்டில."

"மீன வெளிய எடுங்க."

மீன் வெளியே வந்தது. கருவாட்டுக் குழம்பும் தோசை மாவும் வாடிய மல்லிகைச் சரமும் வெளியே வந்தன. ஊருக்குள் மூடிப்போன ஐஸ்கிரீம் கடையிலிருந்து பேச்சிமுத்து சகாயத்துக்கு வாங்கி வந்திருந்த அந்த ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ், சோடா மாவு போட்டுத் துடைக்கப்பட்டு, மேல் தட்டின் பின்பக்கத்தில் மூன்று டம்ளர்களுக்கு இடம் கொடுத்தது. மறுநாள் சந்தனமாரி அளத்துக்குப் போனாள், குளிர்ந்தது.

முதல் டம்ளரைப் பிச்சம்மாள் வெந்நீரில் நிறுத்தியபோது, மூன்று மைல் தள்ளி அளத்தில் நின்ற சந்தனமாரியின் பாதத்திலிருந்து மார்புவரை ஓர் இதம் ஏறியது. பிள்ளை அதைக் குடித்து முடித்ததும் குளிரில் ஒரு பங்கு அவளை விட்டுப் போனது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது டம்ளர் தீர்ந்தபோது உச்சிவெயில். அவளும் மற்றவர்களைப் போல வேர்த்து வழிந்தபடி வீட்டுக்குக் கிளம்பினாள். இரண்டு மூன்று நாட்களில் அளத்தில் எல்லோருக்கும் இந்த ஒழுங்கு பிடிபட்டுவிட்டது. சந்தனமாரி திடீரென்று பலகையை நிறுத்திக் கண்ணை மூடி, "குடிச்சிட்டா," என்பாள். உடனே எட்டுப் பலகைகளும் ஒரு கணம் நிற்கும். ராஜகனி, "முழுசா குடிச்சாளா, மிச்சம் வச்சாளா?" என்று கேட்பாள். "முழுசா," என்று பதில் வந்தால் மறுபடியும் எட்டுப் பலகைகளும் ஓடும்.

ஜெபமலரிடம் கேட்டார்கள். அவள் சந்தனமாரியின் நெற்றியில் கை வைத்தாள், காய்ச்சல் பார்க்கும் குழலை வைத்தாள், அதில் எந்த எண்ணும் ஏறாததைப் பார்த்தாள், குழலை உதறிப் பையில் போட்டாள். "பாலு கெடாம இருக்குன்னு அர்த்தம். போர்த்திக்க ஒரு துண்டு கொண்டு போ," என்றாள்.

ஒரு வாரத்தில் ஊர் இதற்குப் பழகிவிட்டது. பழகியதோடு நிற்காமல் பயன்படுத்தவும் தொடங்கியது. பெண்கள் கஞ்சித் தூக்குச்சட்டிகளை அவளுடைய வரப்பில் வரிசையாக வைத்தார்கள். பத்து மணிக்குப் புளித்துவிடும் கஞ்சி பன்னிரண்டு மணிக்கும் புளிக்கவில்லை. கங்காணி சுடலைமணி மோர் பாட்டிலைத் தானே கொண்டுவந்து, யாரும் கேட்காமலேயே, "வயிறு கொஞ்சம் சரியில்ல," என்று காரணம் சொல்லி அங்கே வைத்துவிட்டுப் போனார். லாரி ஏற்ற வந்த ஆட்கள் வேண்டுமென்றே அந்த வரப்பு வழியாகச் சுற்றிப் போனார்கள். மாசமாக இருந்த இரண்டு பெண்களுக்கு அவள் பக்கத்தில் நிற்க முன்னுரிமை உண்டு என்று யாரும் சொல்லாமலே ஏற்பட்டது. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு மத்தியானத்தில் கூட்டம் வெயிலில் வாடும், அவள் வந்து பந்தலில் நின்றால் புண்ணியம் என்று கோயில் ஆட்கள் கேட்டு வந்தபோது, "பாலு வச்ச நேரத்துக்குத்தான் நான் குளுருவேன். மத்த நேரம் நான் சும்மா மாரிதான்," என்று சொல்லி அனுப்பினாள். தினசரி ஒன்றின் பகுதிநேர நிருபர் வந்து, கேமராவை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். கண்ணாடி வில்லையில் பனி படர்ந்து படம் எதுவும் தெரியவில்லை. வந்ததற்கு உப்பு விலை பற்றி ஒரு செய்தி எழுதினார். அது நாலாம் பக்கத்தில் வந்தது.

மின்வாரியத்துக்கு வந்த நிலைமைதான் வேறு. சாத்தாவிளையில் மின்சாரம் நின்றால் அது முதலில் அளத்தில் தெரிந்தது. சந்தனமாரியின் மேலுதட்டில் வேர்வை துளிர்த்ததும் சுடலைமணி போனை எடுப்பார். லைன்மேன் வெயிலுமுத்து, "என்ன அண்ணாச்சி?" என்பான். "சந்தனமாரிக்கு வேர்க்கு," என்பார் அவர். வெயிலுமுத்து ஒயர் போன இடத்தைத் தேடிச் சைக்கிளை எடுப்பான். அந்தப் பருவத்தில் சாத்தாவிளைக்கு வந்த மின்சாரம் போல அதற்கு முன் வந்ததில்லை. ஃபிரிட்ஜ் கதவை வீணாகத் திறந்தால் அவளுக்குக் குளிரும் சூடும் மாறி மாறி வந்து தலைசுற்றியது. ஆகவே அந்தத் தெருவில் விருந்தாளிக்கு ஐஸ் தண்ணீர் கொடுக்கும் வழக்கம் தானாகவே நின்றது. யாராவது பிச்சம்மாள் வீட்டுக்குள் நுழைந்து ஃபிரிட்ஜ் பக்கம் கை நீட்டினால், எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து, "அங்க என்ன வேல?" என்று ஒரு குரல் வரும்.

தவறுகளும் நடந்தன. பேச்சிமுத்து, குளிர் நல்லதென்றால் அதிகக் குளிர் அதிக நல்லது என்று நினைத்து, ஒருநாள் மூன்று டம்ளர்களையும் மேலே ஐஸ் கட்டும் அறைக்குள் வைத்துவிட்டான். அன்றைக்குச் சந்தனமாரியின் இமைமயிரில் பூம்பனி பிடித்தது, தாடை இறுகிப் பேச்சு வரவில்லை, பாத்தியிலிருந்து காலை எடுத்தபோது உப்புத்தண்ணீர் உறைந்து அவள் கணுக்காலோடு தகடாக வந்தது. பெண்கள் அவளைத் தூக்கிக்கொண்டு போய் டீக்கடை அடுப்புக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். ஜெபமலர் வந்து, உறைந்த பாலைக் கெடுதல் என்று சொல்ல முடியாது, ஆனால் அவசரப்பட்டு உருக்கக் கூடாது, கீழ்த்தட்டில் வைத்து மெள்ள இளக விடு என்றாள். பால் மெள்ள இளகியது. சந்தனமாரியும் மெள்ள இளகினாள். ராஜகனி, "ஒம் மாப்பிள்ளைக்குப் பாசம் கூடிப்போச்சு, அதான் ஒன்னக் கட்டியாக்கிட்டாரு," என்றாள். பேச்சிமுத்து அந்த வாரம் முழுக்க டீக்கடைப் பக்கம் தலைகாட்டவில்லை.

பிள்ளை எடை ஏறியது. ஜெபமலரின் தராசு முள் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தள்ளி நின்றது. சுபிக்சா என்று பெயர் வைத்தார்கள்.

இவ்வளவையும் ஊரில் ஒரே ஓர் ஆள் நம்பவில்லை. அவள்தான் பாலைக் கொடுக்கிறவள். பிச்சம்மாள் சொன்னபடி எல்லாம் செய்தாள், கையைக் கழுவினாள், டம்ளரை வெந்நீரில் நிறுத்தினாள், சங்கில் ஊற்றித் துளித்துளியாகப் புகட்டினாள். பிள்ளைக்குப் புரையேறினால் அவளுக்குத்தான் முதலில் மூச்சு நிற்கும். ஆனால் மருமகளுக்குக் குளிர்வதை, இந்தக் காலத்துப் பெண்களுக்கு வருகிற பல சீக்குகளில் ஒன்று என்றே வைத்திருந்தாள். ஒன்றை மட்டும் அவளால் செய்ய முடியவில்லை: மிச்சப் பாலைக் கீழே ஊற்ற. தாய்ப்பால் மண்ணில் சிந்தினால் சுரப்பு வற்றும் என்று வளர்ந்தவள் அவள். சங்கில் தங்கிய நாலு சொட்டைப் பத்திரமாக மூடி வைத்து அடுத்த வேளையில் சேர்த்துக் கொடுத்தாள். ஆடி பிறந்து வெக்கை புழுக்கமாக மாறிய வாரத்தில் பிள்ளைக்கு வயிற்றால் போனது.

அன்றைக்குப் பிச்சம்மாளின் அக்கா வந்திருந்தாள். ஆறுமுகநேரியிலிருந்து பஸ் பிடித்து வந்தவள், வெற்றிலையைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தாள்.

"காய்ச்சாமயா குடுக்க?"

"காய்ச்சக் கூடாதுங்கா நர்ஸு."

"எந்தப் பாலையாவது பச்சையாக் குடுத்து ஒரு பிள்ள நின்னிருக்கா? பொட்டிக்குள்ள ராத்திரி கெடந்த பாலு. அதான் வயிறு எளகுது. காய்ச்சிக் குடு, கட்டும்."

நம் வீடுகளில் பால் என்று எது வந்தாலும் முதலில் அடுப்பில் ஏறும். பாக்கெட்டில் வந்தாலும் சொம்பில் வந்தாலும், அது ஒரு தரம் பொங்கி அடங்காமல் யார் வாய்க்கும் போவதில்லை. புதுவீடு புகுந்தால்கூட முதல் வேலை அதுதான். அப்படியிருக்க, வயிறு சரியில்லாத பிள்ளைக்குக் காய்ச்சாத பாலைக் கொடுத்துக்கொண்டிருந்தோமே என்று பிச்சம்மாள் பதறினாள். சிலிண்டர் தீர்ந்து போயிருந்தது. அவள் கரண்டு அடுப்பை மாட்டி, மூன்று டம்ளர் பாலையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றி, மேலே வைத்து, சூட்டை ஏற்றினாள்.

அளத்தில் சந்தனமாரி கண்ணை மூடி, "வெந்நீர்ல வச்சிட்டாங்க," என்றாள். பெண்கள் பலகையை நிறுத்திக் காத்திருந்தார்கள். வழக்கமாக நிற்கும் இடத்தில் அந்த இதம் நிற்கவில்லை. அவள் துண்டை உதறினாள். பிறகு முகம் சிவந்தது. பிறகு அவள் காலைச் சுற்றி நின்ற உப்புத்தண்ணீர் சலசலவென்று முணுமுணுத்து, வாரக்கணக்கில் விளைய வேண்டிய உப்பு கண்ணுக்கு முன்னால் விளைந்து, வெடித்து, அவள் பாதத்தைச் சுற்றிப் பாறைபோல இறுகியது. அவள் கத்தவில்லை, கத்துவதற்கு மூச்சு வேண்டும்.

"அடுப்புல வச்சிட்டாங்க," என்றாள். "ராஜக்கா, பால யாரோ அடுப்புல வச்சிட்டாங்க."

ராஜகனி உப்பைப் பலகையால் உடைத்தாள். மற்றவர்கள் குடிதண்ணீரையெல்லாம் அவள்மேல் ஊற்றினார்கள். ஊற்றிய தண்ணீர் ஆவியாகப் போனது. சுடலைமணி பிச்சம்மாளின் போனுக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. அடுப்பில் பால் இருக்கும்போது எந்தப் பெண்ணும் அதை விட்டுவிட்டுப் போன் எடுக்கப் போவதில்லை. பிச்சம்மாள் கரண்டியோடு பாத்திரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தாள், பொங்கிச் சிந்திவிடக் கூடாதே என்று. எதிர்வீட்டில் அன்று ஆளில்லை. சுடலைமணி அந்த எண்ணை விட்டுவிட்டு, பருவம் முழுக்கப் பழகிய எண்ணை அழுத்தினார்.

"என்ன அண்ணாச்சி, வேர்க்கா?"

"வேகுறா, லே. சந்தனமாரி வேகுறா. பால அடுப்புல வச்சிருக்காவ."

வெயிலுமுத்து அப்போது ஊர் முனையில் டிரான்ஸ்பார்மருக்குக் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தான். கேஸ் அடுப்பா கரண்டு அடுப்பா என்று அவனுக்குத் தெரியாது. டம்ளரைக் கீழே வைத்தான், எழுந்தான், சுவிட்சை இழுத்தான். சாத்தாவிளையின் மாவு மில்லும் தண்ணீர் மோட்டாரும் டிவிகளும் ரேஷன் கடைத் தராசும் பிச்சம்மாளின் அடுப்பும் ஒரே மூச்சில் அணைந்தன. பிறகு அவன் ஓடினான்.

அவன் வாசலில் வந்து நின்றபோது பிச்சம்மாள் மின்சாரக்காரர்களைத் தலைமுறையோடு திட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆச்சி, அடுப்புல என்ன இருக்கு?"

"பாலு."

"எந்தப் பாலு?"

பிச்சம்மாள் பாத்திரத்தைப் பார்த்தாள். கரண்டியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

"அவ அங்க வேகுறா ஆச்சி. எறக்கித் தண்ணில வைங்க."

நம்பாதவள், நம்புவதற்கு நேரம் எடுத்துக்கொள்ளாமல், பாத்திரத்தை வெறுங்கையால் பிடித்து இறக்கித் தொட்டித் தண்ணீரில் வைத்தாள். உள்ளங்கை கொப்பளித்தது. அளத்தில் ஆவி நின்றது.

சந்தனமாரியைப் பேச்சிமுத்து லாரியில் கொண்டுவந்து இறக்கினான். இரண்டு பாதங்களிலும் அடித்தோல் உரிந்திருந்தது. அவள் காலைச் சுற்றி விளைந்த உப்பைச் சுடலைமணி தனியாக ஒதுக்கச் சொன்னார். அதை யாரும் எடைக்குப் போடவும் இல்லை, வீட்டுக்குக் கொண்டுபோகவும் இல்லை, மழை வந்து கரைக்கும்வரை அது வரப்பில் கிடந்தது.

ஜெபமலர் வந்து மாமியாரின் கைக்கும் மருமகளின் காலுக்கும் ஒரே களிம்பைப் போட்டாள். யார்மேலும் குரல் உயர்த்தவில்லை. "காய்ச்சினா விஷமாயிராது ஆச்சி," என்றாள். "ஆனா சீக்கு வராம இருக்க இவ ஒடம்பு பிள்ளைக்கு ஒரு காவல் குடுத்தனுப்புது பாருங்க, அதுல பாதி செத்துரும். வயித்தால போனது பச்சைப் பாலால இல்ல. மிச்சம் வச்சுக் குடுத்தீயளா?"

"நாலு சொட்டு."

"வாய் பட்ட பாலு. அந்த நாலு சொட்டுதான்."

கால் ஆறும்வரை சந்தனமாரி வீட்டில் இருந்தாள். பிள்ளை மடியிலேயே கிடந்து குடித்தது, வயிறு சரியானது. அவளுடைய பாத்தியில் ராஜகனியும் மற்றவர்களும் முறை வைத்து வாரினார்கள். சுடலைமணி அதைப் பார்க்காதவர்போல வேறு பக்கம் நடந்தார். ஆனால் அப்படி அதிக நாள் நடக்க முடியாது. அவரும் சொல்லி அனுப்பினார்: திங்கட்கிழமை வர வேண்டும், இல்லையென்றால் ஆள் போட வேண்டியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சந்தனமாரி புருஷனிடம், "மாவுப்பால் ஒரு டப்பா வாங்கிட்டு வந்துருங்க," என்றாள்.

அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றான். போகவில்லை.

பிச்சம்மாள் அடுக்களையிலிருந்து கேட்டாள்: "எதுக்கு?"

"வேண்டாம் அத்த. நான் அங்க நின்னுக்கிட்டு, இங்க என்ன நடக்குமோன்னு..." சந்தனமாரி முடிக்கவில்லை. காலைப் பார்த்தாள். "எனக்குப் பயமாருக்கு. நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீய. அதான் பயமாருக்கு."

பிச்சம்மாள் வெளியே வந்து, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, மருமகளுக்கு எதிரே உட்கார்ந்தாள். அந்த வீட்டில் இரண்டு பேரும் அப்படி நேருக்கு நேர் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

"நானும் அந்த அளத்துலதான் வாருனேன், தெரியுமா? அஞ்சு பெத்தேன். ரெண்டுதான் நிக்கி. பிள்ளைய வீட்டுல போட்டுட்டுப் போவேன், சோத்துத் தண்ணி குடுப்பாவ. பத்து மணிக்கெல்லாம் மாரு கட்டிக்கிட்டு வலி உயிரு போகும். வரப்புல குத்தவச்சுப் பீய்ச்சி விடுவேன். எம் பிள்ளைக்கு உள்ள பாலு, வெயில்ல ஒரு நிமிசத்துல காஞ்சிரும். வெள்ளையா கெடக்கும். எது பாலு எது உப்புன்னு தெரியாது. மேல மிதிச்சிக்கிட்டுப் போவாவ." அவள் நிறுத்தினாள். "அதான் அந்த நாலு சொட்டக் கீழ ஊத்த முடியல, பாத்துக்க. வேற ஒண்ணும் இல்ல."

பேச்சிமுத்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான்.

மறுநாள் விடிவதற்கு முன் சந்தனமாரி எழுந்தபோது, மூன்று டம்ளர்களும் கொதித்து, கவிழ்த்து, காய்ந்து, ஒரு வெளுத்த துணிமேல் இருந்தன. பக்கத்தில் சோப்பு இருந்தது.

"கையக் கழுவிட்டு எடுத்து வை," என்றாள் பிச்சம்மாள்.

அவள் எடுத்து வைத்தாள், ஃபிரிட்ஜைச் சாத்தினாள், காலில் துணி சுற்றிக்கொண்டு அளத்துக்குப் போனாள். குளிர்ந்தது. பெண்கள் வரப்பைத் தாண்டி வந்தார்கள்.  ஆனால் தூக்குச்சட்டிகளைத் தூரத்திலேயே வைத்தார்கள். ராஜகனி கேலி எதுவும் சொல்லவில்லை. எல்லோரும் வாருவதுபோல அவளுடைய மேலுதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் டம்ளரின் இதம் வந்து போன பிறகு, ஒன்பது மணிக்குச் சுடலைமணி வேகமாக வந்தார். "நான் மறந்தே போனேன்," என்றார். "இன்னைக்கு மாசாந்திர மின்தடை. ஒம்பதுலருந்து சாயங்காலம்வரைக்கும். வெயிலுமுத்து இப்பதான் இழுத்தானாம். அவனால ஒண்ணும் செய்ய முடியாது, சப் ஸ்டேஷன்ல வேல நடக்கு."

எட்டுப் பலகைகளும் நின்றன. சந்தனமாரி தன் பலகையைப் பிடித்தபடி நின்றாள். ஃபிரிட்ஜ் நின்றால் அவளுக்கு இதமாகும், பிறகு வெக்கையாகும், பிறகு பால் திரிந்தால் என்ன ஆகும் என்று அதுவரை யாரும் பார்த்ததில்லை. வெயில் ஏறியது. உப்பில் பட்ட வெளிச்சம் கண்ணைக் குத்தியது. அவர்கள் காத்திருந்தார்கள். அவள் மேலுதட்டில் துளிர்க்கவில்லை. பத்து மணிக்கும் துளிர்க்கவில்லை. அவள் மூச்சில் ஆவி முன்னைவிடத் தடிப்பாக வந்தது. துண்டை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள்.

அப்போது ராஜகனியின் இடுப்பில் போன் அடித்தது. அவள் எடுத்துக் கேட்டுவிட்டு, உப்புக்கையோடு நின்ற சந்தனமாரியின் காதில் அதை வைத்தாள்.

"நாந்தான்," என்றது பிச்சம்மாளின் குரல். போனில் பேசிப் பழகாதவள், தெருவுக்கு அந்தப் பக்கம் இருப்பவளோடு பேசுவதுபோலக் கத்தினாள், எல்லோருக்கும் கேட்டது. "லைன்மேன் பயல் நேத்தே சொல்லிட்டான், இன்னைக்குக் கரண்டு கெடையாதுன்னு. கடக்கரைல போயி ஐஸ் பொட்டி கேட்டு வாங்கியாந்தேன். ரெண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவிட்டேன், மீன் வாட கெடையாது. கீழ ஐஸு, மேல டம்ளரு, மூடிமேல நான் உக்காந்திருக்கேன். ஒருத்தரையும் தெறக்க விடல. ஒண்ணாவது டம்ளரு குடிச்சாச்சு. கொஞ்சம் மிச்சம் வச்சா."

சந்தனமாரி போனோடு காதை அழுத்தினாள்.

"கீழ ஊத்திட்டேன்," என்றது குரல்.

 கடல்காற்று போனுக்குள் போய் வந்தது.

"ஏட்டி, இருக்கியா? குளுருதா?"

"குளுருது அத்த. ரொம்பக் குளுருது."

"குளுரட்டும்," என்றாள் பிச்சம்மாள், போனை வைத்தாள்.

ராஜகனி போனை இடுப்பில் செருகினாள். பெண்கள் போய்த் தங்கள் தூக்குச்சட்டிகளை எடுத்துக்கொண்டு வந்து, சந்தனமாரியின் வரப்பில் ஒவ்வொன்றாக வைத்தார்கள்.